மின்விசிறி சுற்றுகிறது, கணினிக்குக் கார்ட் தெரியவில்லை

வெள்ளவத்தையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். முப்பரிமாண மாதிரிகளை பிளெண்டர் மென்பொருளில் ரெண்டர் செய்ய (முழுப் படமாக உருவாக்க) எங்கள் வீட்டுக் கணினி போதாமல் இருந்ததால், பாவித்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைத் தெஹிவளையில் ஒருவரிடம் வாங்கினேன். அவர் தன்னுடைய கணினியில் அதைப் பூட்டி, கேம் ஒன்றை நெடுநேரம் ஓட்டிக் காட்டிய பிறகே காசைக் கொடுத்தேன். ஆகவே அவருடைய வீட்டிலிருந்து வெளியே வரும்போது கார்ட் நல்ல நிலையில்தான் இருந்தது.

எங்கள் கணினியில் பூட்டினால், கார்டின் மின்விசிறிகள் இரண்டும் சுற்றுகின்றன. ஆனால் கார்டின் எச்டிஎம்ஐ துவாரத்தில் படம் வருவதில்லை. மதர்போட்டின் எச்டிஎம்ஐ துவாரத்தில் திரையைப் பொருத்தினால் விண்டோஸ் வழமைபோல் திறக்கிறது. டிவைஸ் மனேஜரில் (விண்டோஸின் வன்பொருள் பட்டியலில்) புரொசெசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் யூஎச்டி 630 கிராபிக்ஸ் மட்டுமே இருக்கிறது. என்விடியா தளத்திலிருந்து இறக்கிய ட்ரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) நிறுவப் போனால், பொருத்தமான வன்பொருள் எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. பயோஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) பிரைமரி டிஸ்பிளே என்ற இடத்தை ஓட்டோவிலிருந்து பிஇஜிக்கு, அதாவது தனிக் கார்டுக்கு, மாற்றியும் பார்த்துவிட்டேன்.

கணினியின் விபரம்: கோர் ஐ5 10400, பி460 மதர்போட், 16 ஜிபி ரெம், 550 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 11. இதற்கு முன் இந்தக் கணினியில் தனிக் கார்ட் எதுவும் பூட்டப்பட்டதில்லை. தங்கைக்குத் திட்டவரைவு ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது. எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை வாசி

தம்பி, விண்டோஸ் அப்டேட் சில வேளைகளில் பழைய ட்ரைவரின் மிச்சங்களை விட்டுவிடும். சேஃப் மோடில் திறந்து, டிஸ்பிளே ட்ரைவர் அன்இன்ஸ்டோலர் என்ற மென்பொருளால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, புதிதாக நிறுவிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரிவந்தது.

மின்தடம்

கொட்டாஞ்சேனை அண்ணா சொன்னது நல்ல வழிதான், ஆனால் அது வேறொரு கோளாறுக்கான வழி. தம்பியின் கணினியில் இதுவரை என்விடியா ட்ரைவர் நிறுவப்படவே இல்லை. துடைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ட்ரைவரைத் தேடி அலைவதை இப்போதைக்கு நிறுத்தும்படிதான் நான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விடயம் தெளிவாகாததால்தான் பலர் விண்டோஸைத் திரும்பத் திரும்ப நிறுவி நாட்களை வீணாக்குகிறார்கள்.

கணினியை இயக்கியதும் கார்டுக்கு மின்சாரம் போகிறது. பிறகு கார்டும், அது செருகப்பட்டிருக்கும் ஸ்லொட்டின் (மதர்போட்டில் உள்ள நீண்ட செருகுமிடத்தின்) மறுமுனையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள் (தரவு போய்வரும் பாதைகள்) வழியாக ஒன்றையொன்று கண்டறிந்து, எத்தனை தடங்களில், எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று முடிவு செய்கின்றன. இந்த இணைப்பு உருவான பின்னரே பயோஸ் அந்தச் சாதனத்திடம் அதன் அடையாள இலக்கத்தைக் கேட்கிறது. என்விடியா என்றால் 10டிஇ, ஏஎம்டி என்றால் 1002, இன்டெல் என்றால் 8086 என்று பதில் வரும். விண்டோஸ் திறப்பதும், ட்ரைவர் ஏறுவதும் இவ்வளவும் முடிந்த பிறகு நடப்பவை. ட்ரைவரில்தான் பிழை என்றால் கார்ட் டிவைஸ் மனேஜரில் ஏதாவதொரு வடிவில் இருந்தே தீரும்: மஞ்சள் அடையாளத்துடனும் 43 என்ற பிழை இலக்கத்துடனும் இருக்கலாம், அல்லது மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர் என்ற பொதுப்பெயரில் இருக்கலாம். உங்களுக்கு ஒரு வரிகூட வரவில்லை. அப்படியானால் கோளாறு விண்டோஸுக்கு வெகு முன்னாலேயே நிகழ்ந்துவிட்டது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு யூஎஸ்பியில் உபுண்டுவை ஏற்றி, நிறுவாமலே திறந்து, டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளையைக் கொடுங்கள்; அது இணைந்திருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும். உங்கள் கார்டின் சில்லு டியூ116. அது உயிரோடு இணைந்திருந்தால் அந்தப் பெயரில் படத்துக்கு ஒரு வரி, ஒலிக்கு ஒரு வரி என்று ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் வரும். எதுவும் வராவிட்டால் விண்டோஸின் மீதான சந்தேகத்தை முழுமையாகக் கைவிட்டு, திருகாணிச் சாவியைக் கையில் எடுக்கலாம்.

பயோஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் தொடங்க உதவும் வசதி) என்ற அமைப்பைப் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். புதிய வகைப் பயோஸான யூஈஎஃப்ஐக்கான நிரல் இல்லாத மிகப் பழைய கார்ட்களில், சிஎஸ்எம் அணைக்கப்பட்டிருந்தால் தொடக்கத்தில் படம் வராது என்பது உண்மை. விண்டோஸ் 11க்காக அதை அணைத்தவர்கள் பலருக்கு அந்தச் சிக்கல் வந்தது. ஆனால் 2019இல் வெளிவந்த 1660 சூப்பருக்கு அது பொருந்தாது. பிரைமரி டிஸ்பிளே அமைப்பும் எந்தத் துவாரத்தில் முதலில் படம் வர வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. பொதுவாக அது கார்டைப் பட்டியலிலிருந்து மறைப்பதில்லை.

அடுத்ததாக, மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றிய பிறகு கார்டைக் கழற்றி, அதன் தங்கமுலாம் பூசிய விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் உப்பும் ஈரப்பதனும் அதிகம். தொடுமுனைகளில் மங்கிய பழுப்புப் படலம் படிந்திருப்பதை நான் எத்தனையோ கார்ட்களில் கண்டிருக்கிறேன். அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது முலாமைச் சுரண்டுவதோடு துகள்களையும் ஸ்லொட்டுக்குள் விட்டுவிடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. பஞ்சில்லாத துணியில் ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கிளிப் சத்தம் கேட்கும்வரை நேராக அழுத்திப் பூட்டுங்கள். பூட்டிய பின் கார்டின் விளிம்பு ஸ்லொட்டின் நீளம் முழுவதும் ஒரே மட்டத்தில் இறங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பின்பக்கத் தகடு பெட்டியில் இடறினால் ஒரு முனை இறங்கி மறுமுனை தூக்கி நிற்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால், மதர்போட்டில் கீழே இன்னொரு நீண்ட ஸ்லொட் இருக்கிறதா என்று பார்த்து, கார்டை அதில் பூட்டுங்கள். எனக்கு மிகவும் தேவையானது அந்தச் சோதனையின் முடிவுதான். இன்னொரு கேள்வி: இந்தக் கணினியில் புரொசெசரையோ அதன் கூலரையோ யாராவது எப்போதாவது கழற்றினார்களா?

இரும்புப்பெட்டி

மின்தடம் சொன்ன ஒழுங்கே சரி. மின்சாரத்தைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

மின்விசிறி சுற்றுவதைக் கொண்டு கார்டுக்கு மின் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். விசிறிக்குத் தேவையான சொற்ப மின் ஸ்லொட்டிலிருந்தே வந்துவிடும். ஸ்லொட் தரக்கூடியது ஆகக்கூடியது 75 வாட். உங்கள் கார்ட் 125 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. மிச்சம் 8 பின் இணைப்பின் வழியாக வர வேண்டும், அந்த இணைப்பு 150 வாட் வரை தரும். அந்தக் கேபிள் பவர் சப்ளையிலிருந்து நேராக வருகிறதா, அல்லது சாட்டா இணைப்பிலிருந்து (ஹார்ட் டிஸ்க்குக்கு மின் தரும் இணைப்பு) மாற்றியெடுக்கும் துண்டு ஒன்றின் வழியாக வருகிறதா? சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 அம்பியர்தான் தாங்கும், அதாவது 54 வாட். அத்தகைய மாற்றிகள் உருகிப் பற்றியதை மேசையில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

புரொசெசருக்கான 8 பின் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் நிலமும் (கிரவுண்ட்) இடம் மாறியிருக்கும். கார்டுக்கான கேபிள் பெரும்பாலும் ஆறும் இரண்டுமாகப் பிரியும். புரொசெசருக்கானது நான்கும் நான்குமாகப் பிரியும். பலவந்தமாக அழுத்திச் செருகக் கூடாது. பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபலில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்றும் பாருங்கள். 550 என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அந்த வரிசையில் 20 அம்பியர் மட்டும் இருந்தால் உங்களிடம் உண்மையில் இருப்பது 240 வாட்தான்.

வெள்ளவத்தையான்

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து முடித்தேன்.

உபுண்டுவில் எல்எஸ்பிசிஐ கொடுத்தபோது என்விடியா என்ற சொல்லே வரவில்லை. 8 பின் கேபிள் பவர் சப்ளையிலிருந்து நேராகவே வருகிறது, ஆறும் இரண்டுமாகப் பிரிகிறது; லேபலில் 12 வோல்ட்டுக்கு 42 அம்பியர் என்று இருக்கிறது. கார்டின் விளிம்பில் மெல்லிய மங்கல் இருந்தது, அல்ககோலால் துடைத்ததும் துணியில் கறுப்பாகப் பிடித்தது. ஆனால் மேல் ஸ்லொட்டில் எந்த மாற்றமும் இல்லை.

பிறகு கீழே உள்ள நீண்ட ஸ்லொட்டில் பூட்டினேன். உடனே கார்டின் எச்டிஎம்ஐயில் படம் வந்தது! டிவைஸ் மனேஜரில் கார்டின் பெயர் வந்தது, ட்ரைவரும் நிறுவப்பட்டது. அப்படியானால் மேல் ஸ்லொட் உடைந்துவிட்டதா? மதர்போட்டை மாற்ற வேண்டுமா?

கூலரைப் பற்றிக் கேட்டீர்கள். சில மாதங்களுக்கு முன் கணினி மிகவும் சூடாகிறது என்று ஒரு கடையில் கொடுத்தோம். தேர்மல் பேஸ்ட் (புரொசெசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை) மாற்றி, புதிய கூலரும் பூட்டித் தந்தார்கள். அதன் பிறகு ஒரு குறையும் இல்லை, ஒரு முறைகூட நின்றதில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

மின்தடம்

இருக்கலாம், தம்பி, இப்போது என் சந்தேகம் முழுவதும் அங்கேதான். மதர்போட்டை மாற்றும் யோசனையை ஒத்திவையுங்கள்.

கீழ் ஸ்லொட்டில் வேலை செய்ததால் கார்ட், கேபிள், பவர் சப்ளை, விண்டோஸ் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் குற்றமற்றவை ஆகிவிட்டன. இரண்டு ஸ்லொட்களும் ஒரே மதர்போட்டில் இருந்தாலும் அவற்றின் தடங்கள் வெவ்வேறு இடங்களுக்குப் போகின்றன. உங்கள் மதர்போட்டைப் போன்றவற்றில் கீழ் ஸ்லொட்டின் தடங்கள் பி460 சிப்செட்டுக்குப் (மதர்போட்டில் உள்ள துணைச் சில்லுக்கு) போகின்றன, நீளம் முழுமையாக இருந்தாலும் உள்ளே நான்கு தடங்கள் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும். மேல் ஸ்லொட்டின் 16 தடங்களோ இடையில் எதுவும் இல்லாமல் நேராகப் புரொசெசருக்குள் போகின்றன. ஒரு தடத்துக்கு அனுப்ப இரண்டு, பெற இரண்டு என்று நான்கு சைகைக் கம்பிகள்; 16 தடங்களுக்கு 64. இந்த 64உம் எல்ஜிஏ 1200 சொக்கெட்டின் (புரொசெசர் அமரும் இடத்தின்) நுண்ணிய பின்களைத் தொட்டுக்கொண்டுதான் புரொசெசருக்குள் நுழைகின்றன.

கணினி மற்றபடி நன்றாக ஓடுவது எப்படி என்று கேட்பீர்கள். சொக்கெட்டில் உள்ள 1200 பின்களும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. சில மின்சாரத்துக்கு, சில ரெமுக்கு, சில சிப்செட்டுக்கு, சில இந்த ஸ்லொட்டுக்கு. ஸ்லொட்டுக்குரிய பின்களில் ஒன்று வளைந்திருந்தாலோ, அதன் மேல் பேஸ்ட் படிந்து தொடாமல் இருந்தாலோ, மேல் ஸ்லொட்டில் எதையாவது பூட்டும் நாள் வரைக்கும் அது யாருக்கும் தெரியவராது. உங்கள் கணினியில் அந்த ஸ்லொட் இதுவரை பாவிக்கப்படவே இல்லை. பாதிக்கப்பட்ட பின் எங்கோ நடுவில் உள்ள தடத்துக்குரியது என்றால் கார்ட் எட்டு அல்லது நான்கு தடங்களுக்குச் சுருங்கியாவது எழும்பியிருக்கும். அடியோடு காணாமல் போவதைப் பார்த்தால், முதல் தடத்தின் பக்கம்தான் பழுது இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

சொக்கெட்டைத் திறக்கும் முன், பயோஸை அதன் ஆரம்ப அமைப்புக்குத் திருப்பி, மேல் ஸ்லொட்டின் இணைப்பு வேகத்தை ஜென்3 (மூன்றாம் தலைமுறை, 3.0) என்று நிலையாக வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள், செலவில்லாத வேலை. அடுத்து, பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து வைத்து, கூலரின் நான்கு திருகாணிகளும் ஒரே அளவில் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மூலை அளவுக்கு மீறி இறுகி எதிர்மூலை தளர்ந்திருந்தாலும் புரொசெசர் சற்றே சாய்ந்து சில பின்களைத் தொடாமல் விடக்கூடும். குறுக்கு மூலைகளாக மாறி மாறித் தளர்த்தி, அதே முறையில் மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

சொக்கெட்டைத் திறக்கும் வேலையை, கை பழகாவிட்டால் நீங்களே செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பின்கள் தலைமயிர் போல் மெல்லியவை. விரல் நுனி பட்டாலே ஒரு வரிசை சாய்ந்துவிடும், அதன் பிறகு உண்மையிலேயே மதர்போட் போய்விடும். நுண்ணோக்கி வைத்திருக்கும் திருத்துநர் ஒருவரிடம் கொடுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் அதைச் சுற்றியுள்ள காலி வீதியிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கும்போது "கார்ட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கீழ் ஸ்லொட்டில் வேலை செய்கிறது, மேல் ஸ்லொட்டில் இல்லை, சொக்கெட்டைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அவருடைய நேரமும் உங்கள் காசும் மிஞ்சும்.

கொட்டாஞ்சேனை வாசி

கீழ் ஸ்லொட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன? பிள்ளைக்கு ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறதல்லவா?

மின்தடம்

அவசரத்துக்குத் தாராளமாக வைக்கலாம், அண்ணா. ரெண்டர் செய்யும்போது காட்சி முழுவதும் முதலில் கார்டின் 6 ஜிபி நினைவகத்துக்குள் ஏறிவிடும். பிறகு கணிப்பு உள்ளேயே நடப்பதால் தடங்கள் குறைவாக இருப்பது அதிகம் உறைக்காது. கேம்களில்தான் குறை தெரியும். எம்.2 எஸ்எஸ்டி பூட்டியிருந்தால், அது கீழ் ஸ்லொட்டுடன் தடங்களைப் பகிர்கிறதா என்று மதர்போட் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்படைப்பு முடியும்வரை கீழேயே இருக்கட்டும், பிறகு திருத்துநரிடம் கொடுக்கலாம் என்றால் அது மிக நல்ல யோசனை.

இரும்புப்பெட்டி

ஒன்று மட்டும். கீழ் ஸ்லொட் பவர் சப்ளைக்கு அருகில் இருப்பதால் கார்டின் விசிறிகளுக்குக் காற்றிழுக்க இடம் குறையும். நமது வெக்கையில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இரவு முழுவதும் ரெண்டர் ஓட்டினால் வெப்பநிலையைக் கண்காணிக்க வேண்டும். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, மேசை விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாலே போதும்.

வெள்ளவத்தையான்

கார்டைக் கீழ் ஸ்லொட்டிலேயே வைத்துத் தங்கையின் ஒப்படைப்பை முடித்துவிட்டோம். பயோஸை மீளமைத்ததும் திருகாணிகளைச் சீராக்கியதும் மேல் ஸ்லொட்டுக்கு உதவவில்லை. பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு திருத்துநரிடம் கணினியைக் கொடுத்து, நீங்கள் எழுதித் தந்த வாசகத்தையே சொன்னேன். அவர் அதைக் கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் நேராகக் கூலரைக் கழற்றினார்.

நுண்ணோக்கியின் திரையை என் பக்கமும் திருப்பிக் காட்டினார். பின்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து, விளக்கொளியில் ஒரே சீராக மின்னின. ஓர் ஓரத்தில் மட்டும் ஒளி அறுபட்டது. அங்கே ஒரு பின் பக்கத்துப் பின்னின் மேல் படுத்துக் கிடந்தது, அதன் அடியில் சாம்பல் நிறத்தில் காய்ந்த பேஸ்ட் ஒரு துளி. அவர் அல்ககோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் பேஸ்ட்டைக் கரைத்தெடுத்து, ஊசிமுனையால் அந்தப் பின்னைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். பேசாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்த வேலை அது. புரொசெசரின் அடிப்பக்கத்தையும் துடைத்து, மீண்டும் பூட்டி, கார்டை மேல் ஸ்லொட்டில் வைத்தார். படம் வந்தது.

இப்போது ஒரு சிறு கவலை. கார்டின் விபரங்களைக் காட்டும் ஜிபியூ-இசட் மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் எக்ஸ்16 3.0 (16 தடங்கள், 3.0 வேகம்) என்று இருந்தாலும், அதற்குப் பக்கத்தில் எக்ஸ்16 1.1 என்று காட்டுகிறது. இன்னும் ஏதாவது குறை இருக்கிறதா?

மின்தடம்

குறை இல்லை. வேலையில்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்ட் தன் இணைப்பு வேகத்தை 1.1க்குத் தானாகவே இறக்கிக்கொள்ளும். அந்த வரிக்குப் பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி, ரெண்டர் டெஸ்டைத் தொடங்குங்கள். சில விநாடிகளில் 3.0 ஆக ஏற வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது 16 என்ற எண்ணைத்தான். அது எட்டாகவோ நான்காகவோ இருந்திருந்தால் இன்னொரு பின்னையும் தேட வேண்டியிருக்கும்.

தங்கையின் பிளெண்டரில் ப்ரிஃபரன்சஸ், சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், சைக்கிள்ஸ் ரெண்டர் டிவைசஸ் என்பதில் குடா அல்லது ஒப்டிக்ஸைத் தெரிவு செய்து கார்டின் பெயருக்கு எதிரே குறியிடுங்கள். பிறகு ரெண்டர் ப்ரொப்பர்டீஸில் டிவைஸ் என்பதை ஜிபியூ கம்பியூட்டுக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது மாற்றத்தை ஒவ்வொரு கோப்பிலும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய கோப்புகளில் அது சிபியூ என்றே சேமிக்கப்பட்டிருக்கும், கார்ட் சும்மா இருக்கப் புரொசெசர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

வெள்ளவத்தையான்

ரெண்டர் டெஸ்டில் எக்ஸ்16 3.0க்கு ஏறியது. தங்கையின் பழைய கோப்புகள் எல்லாம் சிபியூவில்தான் இருந்தன, மாற்றிவிட்டாள். மேல் ஸ்லொட்டில் இருந்தபடியே ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்தடம் அண்ணாவுக்கும், இரும்புப்பெட்டி அண்ணாவுக்கும், கொட்டாஞ்சேனை அண்ணாவுக்கும் எங்கள் வீட்டார் அனைவரின் நன்றிகள்.